சீல் பிரிக்காத பாட்டில்

21 ஜனவரி 2025, செவ்வாய்

தவறு: இறுக்கிய போல்ட்டை இறுக்கவில்லை என்று பயந்து, பெரம்பலூர் வரை போய்விட்ட அண்ணனை வீட்டுக்குத் திரும்ப வரவழைத்தேன்.

தவறை முதலில் எழுத வேண்டும், வேலையைப் பிறகு எழுத வேண்டும் என்பது குருமூர்த்தி சார் சொன்ன முறை. பெரம்பலூரில் நான் போகும் மாலை வகுப்பில் டீசல் மெக்கானிக் பாடம் எடுப்பவர் அவர். பகலில் பம்புசெட் சாமான் கடையில் நிற்கிறேன். கடை திறக்கும் முன்பு கிடைக்கும் காலை நேரத்தில்தான் எங்கள் பிக்கப்பைப் பார்க்கிறேன்.

வண்டி போன வாரம் அரியலூரில் வாங்கியது. பழசு. முன்பு வைத்திருந்தவர் சிமென்ட் மூட்டை ஓட்டியவர். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டியபோது வெள்ளைத் தூசி கொட்டிக்கொண்டே இருந்தது. இன்னும் எதையெல்லாம் பார்க்காமல் விட்டிருப்பார் என்று அப்போதே எனக்குக் கலக்கமாகிவிட்டது.

இன்று என்ஜின் ஆயில் மாற்றினேன். பழையதை வடித்து, புது ஃபில்டர் போட்டு, அடியில் உள்ள போல்ட்டை இறுக்கி, புது ஆயில் ஊற்றி, அளவு பார்த்தேன். அண்ணன் உரம் ஏற்றக் கிளம்பிப் போனான். கை கழுவும்போது சந்தேகம் வந்தது. போல்ட்டை விரலால் திருகியது நினைவிருந்தது. ஸ்பேனர் போட்டது நினைவில்லை. வழியில் போல்ட் கழன்று, ஆயில் எல்லாம் ரோட்டில் ஊற்றி, என்ஜின் இறுகி நின்றுவிடுவது கண்ணில் தெரிந்தது. போன் செய்து, வண்டியை மெதுவாகத் திருப்பிக்கொண்டு வரச் சொன்னேன்.

வந்து, அடியில் குனிந்து ஸ்பேனர் வைத்துப் பார்த்தான். போல்ட் அசையவில்லை.

“இதுக்கா கூப்ட்ட பாப்பா?”

“சந்தேகமா இருந்துச்சுண்ணே.”

“உனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல? பொறந்த தேதி சரியான்னு அம்மாகிட்ட ஒரு தடவ கேட்டு வெச்சுக்க.”

அம்மா வெங்காயம் ஆய்ந்துகொண்டே சொன்னாள். “வுடுடா. அவதானே காலங்காத்தால வண்டிக்கடியில படுத்துக் கெடக்குறா. நீ படுக்க வேண்டியதுதானே?”

“எனக்கு முதுவு வலிம்மா.”

“வெங்காயம் புடுங்குறப்பவும் அதே முதுவுதான் வலிச்சுது.”

அண்ணன் சிரித்தான். பக்கத்து வீட்டு ஆண்டவர் மாமாவும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தார். அவர் சிரித்தது எனக்கு அதிகம் உறைத்தது. வெள்ளிக்கிழமை எங்கள் சொந்த வெங்காயம்தான் முதல் சந்தை லோடு. அரியலூர்ச் சந்தைக்கு. அது ஒழுங்காகப் போய்வந்தால் தங்கள் வெங்காயத்தையும் இந்த வண்டியிலேயே ஏற்றுவதாக ஆண்டவர் மாமாவும் இன்னும் சிலரும் சொல்லியிருக்கிறார்கள். அதை நம்பித்தான் அண்ணன் அடுத்தவர் லாரி ஓட்டுவதை விட்டிருக்கிறான். வண்டியைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்று வாய்விட்டுச் சொன்னவள் நான்.

இனி சந்தேகம் வந்தால் உடனே வாயைத் திறக்கக் கூடாது. முதலில் நானே ஒரு தடவை யோசிக்க வேண்டும்.

23 ஜனவரி, வியாழன்

தவறு: பிரேக் ஆயில் கொஞ்சம் பெயின்ட் மேல் சிந்தியது. உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். பெயின்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிரேக் வேலை என்பதால் காலையிலிருந்தே பயம். என்ஜின் நின்றால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். பிரேக் போனால் வண்டி நிற்காது. நாளை அண்ணனோடு அம்மாவும் போகிறாள். அரியலூர் ரோட்டில் சிமென்ட் ஆலை லாரிகள் முன்னாலும் பின்னாலும் போய்க்கொண்டே இருக்கும்.

பழைய பிரேக் ஆயில் டிகாக்‌ஷன் போலக் கறுத்திருந்தது. உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதை ஊற்றி, குழாய்களில் இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். அண்ணன் வெங்காயம் ஏற்ற ஆள் பார்க்கப் போயிருந்தான். அம்மாவை உட்கார வைத்தேன்.

“மிதிம்மா. மிதிச்சுப் புடிச்சுக்க. நான் சொல்ற வரைக்கும் காலெடுக்காத.”

“தையல் மிசினு மாரியா?”

“தையல் மிஷின்ல மிதிச்சுக்கிட்டே இருக்கணும். இதுல மிதிச்சு நிக்கணும்.”

“அப்ப உங்கப்பன்கூட வாழ்ந்த மாரி,” என்றாள். செத்துப்போன மனிதரை இப்படிச் சொல்கிறோமே என்று அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பின்பக்க இடது சக்கரத்தில் தொடங்கி ஒவ்வொன்றாக வந்தேன். கடைசிச் சக்கரத்துக்கு வரும்போது முதல் பாட்டில் தீர்ந்துவிட்டது. சனிக்கிழமை நான் இரண்டு பாட்டில் வாங்கி சீட்டுக்குப் பின்னால் வைத்திருந்தேன். இரண்டாவதை எடுத்தேன். அதில் பாதிதான் இருந்தது. மூடிக்குக் கீழே இருக்கும் சீல் வளையமும் பிரிந்திருந்தது.

நான் பிரித்தேனா? கிளட்ச்சுக்கும் இதே ஆயில்தான், திங்களன்று கொஞ்சம் ஊற்றினேன். எந்தப் பாட்டிலிலிருந்து என்று நினைவில்லை. அம்மாவிடம் கேட்கலாமா என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை போல்ட் ஞாபகத்துக்கு வந்தது. நானே பிரித்திருப்பேன் என்று முடிவு செய்து, ஊற்றி வேலையை முடித்தேன். காலிப் பாட்டிலைக் குப்பையில் போட்டேன். மிதித்துப் பார்த்ததில் பெடல் நன்றாக இருந்தது.

சாப்பிட உட்கார்ந்தபோது விரலில் எள் வாசனை அடித்தது. இட்லிப் பொடிக்கு அம்மா நல்லெண்ணெய் ஊற்றியிருந்தாள். அதுதான்.

24 ஜனவரி, வெள்ளி

தவறு: பிரேக்கில் நல்லெண்ணெய் ஊற்றியிருக்கிறேன்.

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

விடிந்ததும் வெங்காய மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். அம்மா ஏறி உட்கார்ந்த பிறகு கண்ணாடி வழியாகத் தலையை நீட்டிச் சொன்னாள்.

“குளிச்சுட்டு வெளக்கேத்திரு புள்ள. சாமி மாடத்துல பிரேக்காயிலு டப்பாவுல எண்ணெ இருக்கு. கோயிலுக்குக் கொண்டுபோனதுல மிச்சம். அத ஊத்து.”

சரி என்றேன். அப்போதும் எனக்கு எதுவும் தோன்றவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக எந்த வண்டி வந்தாலும், சைக்கிளாக இருந்தாலும், அய்யனார் கோயிலில் எங்கள் நிலத்து எள்ளில் ஆட்டிய எண்ணெயில்தான் முதல் விளக்கு ஏற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் பிக்கப்பைக் கொண்டுபோய், சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, விளக்குப் போட்டு வந்தோம். எண்ணெயை எதில் கொண்டுவந்தாள் என்று நான் கவனிக்கவில்லை. டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

குளித்துவிட்டு மாடத்தில் இருந்த பாட்டிலை எடுத்தேன். கனமாக இருந்தது. மூடியைத் திருகினேன். சீல் வளையம் படபடவென்று பிரிந்தது.

எண்ணெய் ஊற்றி வைத்த பாட்டிலுக்கு சீல் இருக்காது.

கீழே வைத்தேன். பிறகு ஓடிப்போய் நேற்றுப் போட்ட காலிப் பாட்டிலைக் குப்பையிலிருந்து எடுத்து மோந்து பார்த்தேன். எள் வாசனை. என் மூக்கை நான் நம்பவில்லை. வகுப்பில் ஒரு சோதனை சொல்லித் தந்திருக்கிறார்கள். பிரேக் ஆயில் தண்ணீரில் கரைந்துவிடும், எண்ணெய் கரையாது. இரண்டு டம்ளரில் தண்ணீர் பிடித்தேன். மாடத்துப் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு விட்டேன். கலங்கி, காணாமல் போனது. காலிப் பாட்டிலைக் கவிழ்த்துத் தட்டி ஒரு சொட்டு விட்டேன். அது வட்டமாக மஞ்சளாக மேலே மிதந்தது. விரலால் கலக்கினேன். சின்னச் சின்ன வட்டங்களாகப் பிரிந்து, மறுபடி மேலே வந்து நின்றது.

அண்ணனுக்குப் போன் செய்தேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஓட்டும்போது எடுக்க மாட்டான். எடுக்கக் கூடாது என்று சண்டை போட்டவளே நான்தான். அம்மாவின் போன் அடுப்படியில் சார்ஜில் கிடந்தது.

குருமூர்த்தி சாரைக் கூப்பிட்டேன். வாயில் எதையோ மென்றுகொண்டே பேசினார்.

“சார், பிரேக் ஆயில் டேங்க்ல நல்லெண்ணெய் ஊத்திட்டா என்ன சார் ஆகும்?”

“யாரு ஊத்துனா?”

“நான் சார்.”

மெல்லுவது நின்றது. “எப்ப?”

“நேத்து காலையில. வண்டி இப்ப லோடோட ரோட்ல போகுது.”

“உள்ள இருக்குற ரப்பரெல்லாம் ஊதும்மா. மொதல்ல பிரேக் நல்லா புடிக்கிற மாரி இருக்கும். அப்பறம் புடிச்சத விடாது. சக்கரம் சூடேறிக்கிட்டே போகும். சூடு ரொம்ப ஏறிட்டா பெடல் ஒரேயடியா கீழ போயிரும். கியரக் கொறச்சு, ஹேண்ட் பிரேக்குல நிறுத்தச் சொல்லு. உடனே சொல்லு.”

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நிறுத்தி நிறுத்திப் போன் செய்துகொண்டே போனேன். பெரம்பலூர் நான்கு ரோட்டில் பஸ்கள் ஊதிக்கொண்டிருக்க, ஓரமாக நின்று அடித்தபோதுதான் எடுத்தார்கள். அம்மாவின் குரல்.

“ஏ புள்ள, எதுக்குடி இது கத்திக்கிட்டே கெடக்கு? பச்சையத் தள்ளுங்கிறான். எங்கிட்டுத் தள்றதுன்னே தெரியல.”

“அம்மா, வண்டி ஓடுதா?”

“ஓடாம? பேரளி தாண்டிட்டோம்.”

“அண்ணன் காதுல வைம்மா.”

காற்றுச் சத்தம். பிறகு அண்ணன். “சொல்லு பாப்பா. இன்னிக்கு எந்த போல்ட்டு?”

“பிரேக் எப்புடிண்ணே இருக்கு?”

“அத ஏன் கேக்குற? கல்லு மாரி நிக்குது பெடலு. தொட்டா புடிக்குது. உன்னோட கை வேலையே வேலை. வண்டிதான் கொஞ்சம் இழுக்க மாட்டேங்குது. வெங்காயம் ஈரம்போல, கனம்.”

வெங்காயம் நன்றாகக் காய்ந்திருந்தது. நான்தான் அள்ளிப் பார்த்தேன்.

“அண்ணே, பிரேக்குல நல்லெண்ணெய ஊத்திட்டேன்.”

“அப்ப இட்லிக்கு என்னா ஊத்துன?”

“வெளையாடல. கியரக் கொறச்சுக்கிட்டே வா. பிரேக்க நம்பாத. ஹேண்ட் பிரேக்குல ஓரங்கட்டு.”

“செவ்வாக்கெழமயும் இப்புடித்தான் திருப்பிக் கூப்ட்ட. சந்தை முடிஞ்சிரும் பாப்பா. எறக்கிட்டுப் பாத்துக்கிறேன்.”

“செவ்வாக்கெழம சந்தேகம். இன்னிக்குச் சந்தேகமே இல்ல. தண்ணியில வுட்டுப் பாத்துட்டேன், மெதக்குது. கோயிலுக்கு எண்ணெய எதுல கொண்டாந்துச்சுன்னு அம்மாவக் கேளு.”

அம்மா பக்கத்திலிருந்து பேசியது கேட்டது. “கண்ணாடி பாட்டிலு உருண்டா ஒடைஞ்சிரும்னு முன்ன வண்டி வெச்சிருந்தவன் உள்ள போட்டுட்டுப் போன காலி டப்பாவ வெந்நீருல கழுவி ஊத்துனேன். வெளக்குக்குத்தானே. ஏன், நீதானடா கோயில்லேருந்து வந்ததும் எடுத்தாந்து மாடத்துல வெச்ச?”

“நான் சீட்டுக்குப் பின்னாடி கையில ஆம்புட்டத எடுத்தாந்தேன்,” என்றான் அண்ணன். அவன் குரல் மாறியிருந்தது.

“நீ எடுத்தாந்தது சீலு பிரிக்காத பிரேக் ஆயிலுண்ணே. அது மாடத்துல இருந்துச்சு. மாடத்துல இருக்க வேண்டியது இப்ப உன் பெடலுக்குக் கீழ இருக்கு.”

என்ஜின் சத்தம் திடீரென்று உயர்ந்தது. கியரைக் குறைக்கிறான் என்று புரிந்தது. மறுபடி ஒரு தடவை உயர்ந்தது. லாரி ஹாரன் ஒன்று நீளமாகக் கேட்டது.

“அம்மா, கம்பியப் புடிச்சுக்க,” என்றான்.

போன் எதன்மீதோ விழுந்த சத்தம். அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

திரும்ப அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. போனை ஸ்கூட்டரின் முன்பெட்டியில் போட்டுக்கொண்டு அரியலூர் ரோட்டில் போனேன். எதிரே வந்த ஒவ்வொரு லாரியின் முகப்பையும் பார்த்தேன். எதைத் தேடினேன் என்று எழுத முடியவில்லை. ஒரு ஆம்புலன்ஸ் என்னைத் தாண்டிப் போனது. அதன் பின்னாலேயே போனேன். அது நிற்காமல் அரியலூர்ப் பக்கம் போய் மறைந்தது. அது எங்களுக்கு வந்ததில்லை என்று அப்போது எனக்குத் தெரியாது.

பேரளி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் முதலில் வாசனைதான் வந்தது. நசுங்கிய வெங்காயம். தார் ரோடெல்லாம் சிவப்புச் சிவப்பாகச் சிதறிக் கிடந்தது. லாரிகள் அதன் மேலேயே ஏறிப் போய்க்கொண்டிருந்தன. கண் எரிந்து நீர் வடிந்ததில் எனக்கு ரோடு தெரியவில்லை. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நடந்தேன்.

பிக்கப் ரோட்டை விட்டு இறங்கி, மண்ணில் புதைந்து, கருவேல முள்ளுக்குள் முகத்தை நுழைத்தபடி நின்றது. வலது முன் சக்கரத்திலிருந்து புகை வந்தது. அம்மா ரோட்டோரம் குனிந்து, முந்தானையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஓரமா போங்கடா, மேல ஏத்துறானுவ பாரு,” என்று ஒரு லாரியைத் திட்டினாள். என்னைப் பார்த்ததும், “வந்துட்டியா, அந்தப் பக்கம் கெடக்குறத அள்ளு,” என்றாள். முழங்கையில் முள் கீறி ரத்தம் கோடாக இறங்கியிருந்தது.

அண்ணன் சக்கரத்துக்குப் பக்கத்தில் காலை நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தான்.

“ஆடு குறுக்க வந்துச்சுன்னு முன்னாடி போன லாரிக்காரன் சடார்னு நிறுத்திட்டான். நான் மிதிச்சேன். பெடல் தரை வரைக்கும் போச்சு பாப்பா. கீழ ஒண்ணுமே இல்ல. காத்த மிதிச்ச மாரி.” தன் வலது காலையே பார்த்தான். “நீ சொல்லி ரெண்டாவது கியருக்கு வந்திருந்தேன். இல்லன்னா இன்னேரம் நான் லாரிக்கடியில. ஹேண்ட் பிரேக்க இழுத்து மண்ணுல எறக்குனேன்.”

பானெட்டைத் திறந்து, பிரேக் ஆயில் டேங்கின் மூடியைக் கழற்றினேன். மூடிக்கு அடியில் இருந்த ரப்பர் ஊறிப்போன அப்பளம் போல நெளிந்திருந்தது. அம்மா முந்தானையோடு வந்து குனிந்து மோந்தாள்.

“நம்ம எள்ளுதான். கருப்பட்டி போட்டு ஆட்டுனது.” கொஞ்சம் நின்று, “சாமிக்கு ஏத்துனதாச்சேடி,” என்றாள். யாரிடம் கோபித்துக்கொள்வது என்று தெரியாத மாதிரி இருந்தது.

அண்ணன் என்னிடம் கேட்டான். “ஊத்துறப்ப சீலு பிரிஞ்சிருந்துச்சுல்ல?”

“ஆமா.”

“சந்தேகம் வரல?”

“வந்துச்சு.”

ஏன் கேட்கவில்லை என்று அவன் கேட்கவில்லை. தரையில் கிடந்த ஒரு வெங்காயத்தை எடுத்துத் தோலை உரித்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான். “கேட்டிருந்தாலும் நான் சிரிச்சுத்தான் இருப்பேன்.”

மிஞ்சிய மூட்டைகளை வேறொரு வண்டியில் மாற்றி அரியலூருக்கு அனுப்பினோம். சந்தையில் நல்ல விலை கிடைக்கும் நேரம் முடிந்திருக்கும். பிக்கப்பை ஆண்டவர் மாமாவின் டிராக்டரில் கட்டி இழுத்து வந்தோம். சக்கரம் ஆறும் வரை அது உருளவே மாட்டேன் என்றது. வழியெல்லாம் மாமா தன் வெங்காயத்தைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அண்ணனிடம் சொன்னேன். “வேற மெக்கானிக்கிட்ட வுட்ருவோம்ணே. நான் இனிமே தொடல.”

“நீயே கழட்டு. ஒவ்வொரு டப்பாவையும் நான் மோந்து பாத்துக் குடுக்குறேன்.”

“சிரிக்காதண்ணே.”

“நான் சிரிக்கல,” என்றான். உண்மையில் சிரிக்கவில்லை.

அம்மா காயத்துக்கு மஞ்சள் வைத்துக்கொண்டே, “அடுத்த வெள்ளிக்கெழமயும் நான் வருவேன். மிச்ச வெங்காயத்த யாரு விக்கிறது?” என்றாள். இன்று நடந்த எல்லாவற்றையும்விட எனக்கு அதுதான் அதிகப் பயமாக இருக்கிறது. இனி நான் இறுக்கும் ஒவ்வொரு போல்ட்டுக்கு மேலும் அவள் உட்கார்ந்திருப்பாள்.

மாலை வகுப்புக்குப் போகவில்லை. குருமூர்த்தி சார் போனில் சொன்னார். எண்ணெய் பட்ட ரப்பர் எதையும் கழுவித் திரும்பப் போடக் கூடாது. குழாய்களைச் சுத்தமாக அலச வேண்டும். பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரையே மாற்ற வேண்டும். கேட்டதை இரண்டு தடவை திருப்பிச் சொன்னேன். மூன்றாவது தடவையும் சொன்னபோது அவர் பொறுமையாக ஆமாம் என்றார். மாடத்தில் விளக்கு இன்னும் ஏற்றவில்லை. சீல் பிரித்த பாட்டிலை அங்கிருந்து எடுத்து, மேலே பெயின்டில் ‘பிரேக்’ என்று எழுதி வண்டிக் கொட்டகையில் வைத்துவிட்டேன்.

நாளை, சனி: கடைக்கு லீவு சொல்ல வேண்டும். பெரம்பலூரில் புது மாஸ்டர் சிலிண்டரும், நான்கு சக்கரத்துக்கும் ரப்பர்களும், சீல் பிரிக்காத பிரேக் ஆயிலும் வாங்க வேண்டும். பின்பக்க இடது சக்கரத்தைக் கழற்றி வேலையைத் தொடங்க வேண்டும். பெடல் மிதிக்க அண்ணன் உட்காருவான்.